பனி ஏரியில் பால் காய்ச்சிய கதை

யாழினிக் கண்ணு, இனியாக் குட்டி, நீங்கள் இருவரும் இதைத் தமிழிலேயே படிக்க வேண்டும். எழுத்துக் கூட்டிப் படித்தாலும் பரவாயில்லை. நடந்ததை இரண்டு பேரும் ஏற்கெனவே ஊரெல்லாம் சொல்லிவிட்டீர்கள். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் நான் ஓடிய தூரம் கூடிக்கொண்டே போகிறது. போன தீபாவளிக்கு விருந்தாளிகளிடம் சொன்னபோது நான் ஏறக்குறைய பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவின் எல்லையைத் தொட்டுவிட்டேன். அதனால் ஓடியவனே உட்கார்ந்து எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது.

முதலில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அப்பா முதலில் "சரி" என்று சொல்லிவிட்டு, என்ன கேட்டார்கள் என்று பிறகு யோசிக்கிற ஆள். பவானியில் ஐ.டி.ஐ. ஃபிட்டர் படித்துவிட்டு ஒரு பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, "பொண்ணு கம்ப்யூட்டர் படிச்சிருக்குது, அமெரிக்கா போகுமாட்டிருக்குது, கூடப் போறியா?" என்று கேட்டார்கள். சரி என்றேன். (அந்த ஒரு சரி மட்டும் நன்றாக யோசித்துச் சொன்னது. அம்மாவும் இதைப் படிப்பாள்.)

பிஸ்கட்டவேயில் நாம் அந்தப் பழைய அபார்ட்மெண்டில் இருந்தபோது நடந்தது இது. யாழினி, நீ அப்போது ஆறாம் வகுப்பு. இனியா, உனக்குப் பள்ளிக்கூடமே ஆரம்பித்திருக்கவில்லை. பள்ளிக்கூடம் சம்பந்தமான எல்லாவற்றுக்கும் அம்மாதான் போவாள். டீச்சர் பேசுகிற வேகத்துக்கு என் இங்கிலீஷ் ஓடாது. மருந்து கம்பெனியில் பேக்கிங் மெஷின் பக்கத்தில் நிற்கிறவனுக்கு "ஓகே", "நோ ஓகே" இரண்டும் போதும். அதை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போக முடியாது. யாழினி, நீயும் எது வேண்டுமானாலும் அம்மாவிடம்தான் கேட்பாய். என்னிடம் ரிமோட் கேட்பாய்.

அப்படிப்பட்ட நீ ஒருநாள், நான் வேலை முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எதிரில் வந்து உட்கார்ந்தாய்.

"அப்பா, என்னையும் மேடியையும் ஐஸ் ஃபிஷிங் கூட்டிட்டுப் போறீங்களா? யூ, நாட் அம்மா."

மேடி உன் வகுப்புத் தோழி. லீவில் அப்பாவோடு என்ன செய்தோம் என்று வகுப்பில் ஆளாளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். நீ என்ன சொன்னாயோ, எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. "போலாம் சாமி," என்றேன். மீனை ஐஸில் பரப்பி வைத்து விற்பார்களே, அந்த மாதிரி ஏதோ பெரிய மார்க்கெட் என்றுதான் நினைத்தேன்.

நீ எழுந்து போன பிறகு அம்மாவிடம் கேட்டேன்.

"ஏரி உறைஞ்சு கிடக்குமில்லீங்க, அதும் மேல நடந்து போயி, ஓட்டை போட்டு மீன் புடிக்கறது," என்றாள்.

"ஏரி மேலயா?"

"மேலதானுங்க."

"உள்ள போயிட்டா?"

"அதுக்குத்தான் நீங்க சரின்னு சொல்லியிருக்கறீங்க."

மறுநாள் நீ ஒரு நிபந்தனையும் போட்டாய். "அப்பா, மேடி முன்னாடி ஜஸ்ட் பி நார்மல், ஓகே? நோ வியர்ட் ஸ்டஃப்." நான் அதைச் சத்தியமாக எடுத்துக்கொண்டேன். முதன்முதலாக மகள் தன் சிநேகிதியைக் கூட்டிக்கொண்டு நம்மோடு வருகிறாள். ஏன் இந்த ஆளைக் கூப்பிட்டோம் என்று மகள் நினைத்துவிடக் கூடாது. நினைத்துவிட்டால் அடுத்த தடவை கூப்பிடமாட்டாள். எனக்கு அது ஒன்றுதான் கவலை. ஏரி உடைந்து உள்ளே போவது இரண்டாவது கவலை.

கீழ்வீட்டில் இருந்த செந்தில் அங்கிளிடம் போனேன். அவர் சென்னைக்காரர், சாஃப்ட்வேர் இன்ஜினியர். பல் தேய்க்கிற பிரஷ் வாங்கினாலும் அதைப் பற்றி நானூறு பேர் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் வாங்குவார். நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அண்ணா, இதுக்கு ஷெல்டர் வேணும். ஐஸ் மேல போடற கூடாரம். இல்லன்னா குளிர்ல பசங்க வெறைச்சுப் போயிடும். எல்லா ரிவ்யூவும் நான் படிச்சுட்டு வரேன், நீங்க கவலப்படாதீங்க."

சனிக்கிழமை கடைக்குப் போவதற்குள், பிறந்ததே அப்படி ஒரு கூடாரத்தில்தான் என்பது போலப் பேசும் அளவுக்கு அவர் தயாராகிவிட்டார். ஐஸ் மேல் அதுவரை கால் வைத்ததில்லை என்பது மட்டும்தான் குறை.

கடையில் இரண்டு வகை இருந்தது. ஒன்று, இழுத்துப் போகிற சறுக்கு வண்டியோடு சேர்ந்தது. குழந்தை வண்டியின் குடையைத் தலைக்கு மேல் இழுத்து விடுவது போல இழுத்து விட்டால் ஆயிற்று. ஆனால் இரண்டு பேர்தான் உட்காரலாம். இன்னொன்று, பைக்குள் குச்சிகளோடு மடங்கிக் கிடப்பது. கூரையையும் நான்கு சுவரையும் நடுவில் இருக்கிற வாரைப் பிடித்து வெளியே இழுத்தால் 'படக்' என்று விரிந்து ஓர் அறையாக நிற்கும்.

"இதுல ஆறு பேர்னு போட்டிருக்குதே, நாமளும் ஆறு பேர்தான்," என்றேன்.

"ஆறுன்னு போட்டிருந்தா மூணுன்னு எடுத்துக்கணும் அண்ணா. ரிவ்யூல எல்லாருமே அதத்தான் சொல்றாங்க."

நம் ஊர் டவுன் பஸ்ஸில் ஐம்பது பேர் என்று எழுதியிருந்தால் நூறு பேர் ஏறுவோம். இந்த ஊரில் எழுதியதில் பாதிப் பேர்தான் உட்காருவார்களாம். நான் இரண்டு நாட்டுக் கணக்கையும் சேர்த்துப் பார்த்து, ஆறு பேர் கூடாரத்தில் ஆறு பேர் என்று முடிவு செய்தேன். மெல்லிய துணியில் ஒன்று இருந்தது. உள்ளே பஞ்சு வைத்துத் தைத்ததும் ஒன்று இருந்தது. பஞ்சு வைத்ததுதான் என்று கையைக் காட்டினேன். நிறம் சிவப்பு.

தாடி வைத்த கடைப் பையன் அதை அங்கேயே விரித்துக் காட்டினான். நான் உள்ளே போய் நின்றேன். இப்போது நினைத்தாலும் அந்த நிமிடம் அப்படியே இருக்கிறது. கடையின் வெளிச்சம் சிவப்புத் துணி வழியாக வடிந்து என் கையெல்லாம் சிவந்துவிட்டது. வெளிச் சத்தம் எல்லாம் எங்கோ தூரத்துக்குப் போய்விட்டது. மாதுளம்பழத்துக்குள் நிற்பது போல இருந்தது. வெளியே அந்தப் பையன் நீளமான திருகாணிகளை எடுத்து, முறுக்குவது போலக் காட்டி, வெகுநேரம் எதையோ விளக்கிக்கொண்டிருந்தான். செந்தில் அங்கிள் தலையாட்டிக்கொண்டிருந்தார். முக்கியமாக இருந்தால் திரும்பச் சொல்வார்கள் என்று நான் உள்ளேயே நின்றேன்.

வீட்டுக்கு வந்து ஒத்திகை பார்த்தோம். ஹாலில் வைத்துக் கூரை வாரை இழுத்தேன், படக். ஒரு சுவர், படக். சோபா நகர்ந்தது. அடுத்த சுவர், படக். டி.வி. சாய்ந்தது, அம்மா பாய்ந்து பிடித்தாள். நான்காவது சுவர் விரிந்தபோது நாம் எல்லாரும் உள்ளே இருந்தோம், ஹால் என்று ஒன்று வெளியே மிச்சமில்லை. மடக்கத் தெரியவில்லை. மடக்கும் வழியைச் செந்தில் அங்கிள் படித்துவிட்டு வரும்வரை, அன்றும் மறுநாளும் அது அங்கேயே நின்றது. இனியா, நீ அதைவிட்டு வெளியே வரமாட்டேன் என்று அங்கேயே சாப்பிட்டு அங்கேயே தூங்கினாய். யாழினி, நீகூட டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு உள்ளே படுத்துப் புத்தகம் படித்தாய்.

ஞாயிறு மதியம் அம்மா உள்ளே வந்து கால் நீட்டி உட்கார்ந்தாள். துணிச் சுவரைத் தடவிப் பார்த்தாள்.

"ஏனுங்க, நல்லாருக்குதுங்க. நம்ம பேருல வாங்கின மொத வீடு."

சிரித்தேன். கிரீன் கார்டு வரட்டும், வீடு பார்க்கலாம் என்று நாங்கள் சொல்ல ஆரம்பித்து எத்தனையோ வாடகை வீடு மாறிவிட்டோம். அவள் சிரிக்கவில்லை.

"பால் காய்ச்சோணுமுங்க."

"கூடாரத்துக்கா?"

"உள்ள போயி உக்காரப் போறமில்ல? கதவு கிழக்க பாத்து இருக்கோணும். பால் பொங்கோணும். அவ்வளவுதான். ஒரு நிமிச வேலை."

ஒரு பக்கம் மகளுக்குக் கொடுத்த 'நார்மல்' சத்தியம். இன்னொரு பக்கம், இத்தனை வருஷத்தில் சொந்த வீடு வேண்டும் என்று வாய் திறந்து கேட்காதவள் கேட்கிற ஒரு டம்ளர் பால். என்ன செய்தேன்? உங்களுக்குத்தான் தெரியுமே. இரண்டுக்கும் சரி என்றேன்.

அம்மாவே வழியும் சொன்னாள். "புள்ளைங்களுக்கு ஹாட் சாக்லேட் போடறதாச் சொல்லிக்கலாமுங்க. சாக்லேட்டுக்குப் பால் காய்ச்சித்தானே ஆகோணும்? மேடிக்கு என்ன தெரியப் போகுது?"

அடுத்த சனிக்கிழமை காலையில் வடக்கே உறைந்து கிடந்த ஓர் ஏரிக்குப் போய்ச் சேர்ந்தோம். மேடியும் செந்தில் அங்கிளும் சேர்த்து ஆறு பேர். ஏரி என்று சொன்னால்தான் அது ஏரி. இல்லாவிட்டால் வானத்தைக் கீழே இறக்கி விரித்தது போல இருந்தது. எது பனி, எது மேகம், எங்கே கரை முடிகிறது, ஒன்றும் பிடிபடவில்லை. அங்கங்கே கறுப்பும் நீலமுமாகக் கூடாரங்கள் தரையில் நிற்காமல் மிதப்பது போல நின்றன. எல்லாரும் மெதுவாகப் பேசினார்கள். நான் தூங்குகிற ஒருவரின் வயிற்றின் மேல் நடப்பது போல நடந்தேன். எந்த நேரமும் அவர் புரண்டு படுக்கலாம்.

அப்போது ஏரி முனகியது. உண்மையாகத்தான் சொல்கிறேன். எங்கோ ஆழத்திலிருந்து 'ஊம்ம்' என்று ஒரு சத்தம் கிளம்பி, நம் காலுக்கடியில் ஓடி, எதிர்க்கரைக்குப் போனது. நான் செந்தில் அங்கிளின் கையைப் பிடித்தேன். அவர் ஏற்கெனவே என் கையைப் பிடித்திருந்தார்.

பக்கத்தில் ஆரஞ்சுத் தொப்பி போட்ட ஓர் அம்மா, கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். காலடியில் ஒரு பழுப்பு நாய். எங்களைப் பார்த்து அவர் சிரித்தார். ஐஸ் ஒரு சாணுக்கு மேல் கெட்டியாக இருக்கிறது, குளிர் ஏறும்போது அப்படித்தான் சத்தம் போடும், பயப்பட வேண்டாம் என்றார். மேடிதான் எனக்கு நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

வாடகைக்கு எடுத்த துளைக்கருவியால் ஒரு ஓட்டை போட்டேன். தண்ணீர் மேலே வந்தது. அதே நேரம் ஏரி இன்னொரு தடவை முனகியது. அத்தோடு கருவியைக் கீழே வைத்துவிட்டேன்.

கூடாரத்தை விரித்தோம். படக், படக் என்று அழகாக விரிந்தது. கதவைக் கிழக்குப் பார்த்து வைத்தேன். அப்போதுதான் ஒன்று கவனித்தேன். ஏரியில் இருந்த மற்ற எல்லாக் கூடாரங்களும் கிழக்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. (பாவம், சொல்லிக்கொடுக்க ஆளில்லை என்று நினைத்தேன்.) ஆரஞ்சுத் தொப்பி அம்மா நம் கதவைக் காட்டி, காற்று வருகிற திசையைக் காட்டி, என்னவோ சொன்னார். "யெஸ், யெஸ், ஈஸ்ட்!" என்று நானும் சந்தோஷமாகச் சொன்னேன்.

செந்தில் அங்கிள் பையிலிருந்து திருகாணிகளை எடுத்தார்.

"அண்ணா, இந்த ஆங்கர் ஆறையும் ஐஸ்ல இறக்கி கயிறு கட்டணும். ரிவ்யூல எல்லாரும் இதான் மொத வேலைன்னு..."

"செந்தில், வரிசையா ஓட்டை போட்ட தகடு எங்க உடையும்?"

"எங்க?"

"ஓட்டை போட்ட கோட்டுலதான். ஏற்கெனவே ஒண்ணு போட்டிருக்கறன். சுத்தி இன்னும் ஆறு போட்டா, தபால்தலை கிழியற மாதிரி நாம உக்காந்திருக்கற துண்டு மட்டும் தனியாக் கழண்டுரும்."

அவர் கம்ப்யூட்டர் இன்ஜினியர். தகடு என்று வந்துவிட்டால் என்னோடு வாதாடமாட்டார். திருகாணிகளைப் பைக்குள் போட்டுவிட்டார். என் வாழ்நாளில் நான் படித்த படிப்பை வைத்து ஓர் இன்ஜினியரை வாயடைக்க வைத்தது அது ஒரு தடவைதான்.

உள்ளே அம்மா பவானி ஜமக்காளத்தை விரித்தாள். தரையில்லாத கூடாரம் அது. ஐஸ்தான் தரை. நடுவில் ஓட்டைக்கு இடம் விட்டு மடித்து விரித்தாள். ஜமக்காளம் விரித்த இடத்துக்குள் யார் செருப்போடு போவார்கள்? எல்லாரும் வாசலில் பூட்ஸைக் கழற்றினோம். யாழினி, நீ மட்டும், "அப்பா, ஷூஸையா?" என்று கண்ணால் கெஞ்சினாய். அதற்குள் மேடி கழற்றிவிட்டாள். நம் வீட்டுக்கு வந்து பழகிய பெண்.

அப்போது எனக்கு ஒரு பிரமாதமான யோசனை வந்தது. கூடாரத்தின் அடிவிளிம்பில் பாவாடை போல ஒரு துணி ஓடும். அதன் மேல் சுற்றிலும் நம் ஆறு ஜோடி பூட்ஸையும் வரிசையாக அடுக்கிவிட்டேன். பாரமும் ஆச்சு, பூட்ஸ் வைக்க இடமும் ஆச்சு. ஓட்டையே போடாமல் வேலையை முடித்துவிட்டேன் என்று எனக்கே என் மேல் ஒரு மரியாதை வந்தது.

அதற்குப் பிறகு இருந்த கொஞ்ச நேரத்தைப் பற்றி நீங்கள் யாரிடமும் சொல்வதில்லை. நான் சொல்கிறேன். உள்ளே எல்லார் முகமும் சிவப்பாக, மெத்தென்று இருந்தது. நடுவில் வட்டமாகக் கரும்பச்சைத் தண்ணீர், அதற்குள் தூண்டில் கயிறு நேராக இறங்கிப் போனது. அதற்கு மேல் எங்கே போகிறது என்று தெரியவில்லை. இனியா, நீ என் மடியில் தூங்கிவிட்டாய். (உனக்கு எல்லாம் ஞாபகம் இருப்பதாகச் சொல்கிறாய். வாயைத் திறந்துகொண்டு தூங்கினாய்.) ஏரி கீழே முனகியது. இப்போது அது தாலாட்டு மாதிரி இருந்தது. நாம் எங்கோ மிதந்து போய்க்கொண்டிருப்பதாகவும், விசா, வேலை, வாடகை எதுவும் இல்லாத ஓர் ஊரில் போய் இறங்கப்போவதாகவும் எனக்குத் தோன்றியது.

"இட்ஸ் லைக் வி ஆர் இன்சைட் எ ஸ்ட்ராபெரி," என்றாள் மேடி.

நீ சிரித்தாய், யாழினி. சிரித்துவிட்டு என்னைப் பார்த்தாய். 'ஓகே அப்பா' என்று அந்தப் பார்வையில் இருந்தது. எனக்கு அது போதும் என்று இருந்தது. அத்தோடு எல்லாரும் எழுந்து வீட்டுக்குப் போயிருக்க வேண்டும்.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். சின்ன கேஸ் அடுப்பில் பால் பாத்திரம் ஏறியது. "மூடின கூடாரத்துல அடுப்பு பத்த வச்சா ஆபத்து அண்ணா, ரிவ்யூல நெறைய பேர் எழுதியிருக்காங்க," என்று சொல்லி, செந்தில் அங்கிள் கதவின் ஜிப்பை மேலிருந்து கீழ்வரை திறந்து, இரண்டு பக்கமும் சுருட்டிக் கட்டினார். அது ரொம்பச் சரியான காரியம். கிழக்கு வாசல் ஆவென்று திறந்துகொண்டது.

பால் சூடேறியது. ஓரத்தில் நுரை கட்டியது. மேடி கோப்பையோடு காத்திருந்தாள்.

"அம்மா, இட்ஸ் ஹாட் இனஃப். ஆஃப் பண்ணுங்க," என்றாய் நீ, பல்லைக் கடித்துக்கொண்டு.

"இரு கண்ணு, பொங்கட்டும்."

"வொய்?"

"பொங்கினாத்தான் நல்லா இருக்கும்."

மேடி குனிந்து பார்த்தாள். பால் சிந்தப் போகிறதே, ஏன் எல்லாரும் சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று உன்னிடம் கேட்டாள். உனக்கு என்ன நடக்கிறது என்று அப்போது புரிந்துவிட்டது. நீ மெதுவாக என் பக்கம் திரும்பினாய். நான் ஓட்டைக்குள் மீன் வருகிறதா என்று மும்முரமாகப் பார்த்தேன்.

பால் எழும்பியது. விளிம்புக்கு வந்தது. ஒரு கணம் அப்படியே நின்று யோசித்தது. பிறகு பொங்கி வழிந்தது. அம்மா தன்னை மறந்து இரண்டு கையையும் கூப்பினாள். இனியா, பால் புஸ்ஸென்று வழிந்த சத்தத்தில் முழித்த நீ, ஒன்றும் புரியாமலேயே, "பொங்கலோ பொங்கல்!" என்று கத்தினாய்.

அதற்குத்தான் காத்திருந்தது போலக் காற்று உள்ளே வந்தது.

கூடாரம் மூச்சை இழுத்தது. நான்கு சுவரும் வெளியே புடைத்தன. சிவப்பாக இருந்த உலகம் திடீரென்று வெள்ளையாகிவிட்டது. கூரை போய்விட்டது என்று எனக்கு உடனே புரியவில்லை. தூங்கி எழுந்துவிட்டேன், விடிந்திருக்கிறது என்று நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் வானம். சுற்றிலும் ஏரி. நாம் ஆறு பேரும் திறந்த வெளியில் ஜமக்காளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தோம். நடுவில் அணைந்த அடுப்பு, வழிந்த பால், தூக்குச் சட்டியில் கேசரி, டப்பாவில் இட்லி. அம்மா இன்னும் கும்பிட்டபடி இருந்தாள். அங்கங்கே மீன் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பி நம்மைப் பார்த்தார்கள். அவர்கள் பார்வையில் என்ன தெரிந்திருக்கும் என்று அடிக்கடி யோசித்துப் பார்ப்பேன். ஒரு சிவப்புப் பெட்டி பறந்து போகிறது. அது இருந்த இடத்தில் ஒரு குடும்பம் பூஜை செய்துகொண்டிருக்கிறது.

"அண்ணா, ஆங்கர்..." என்றார் செந்தில் அங்கிள், மெதுவாக.

நான் ஓடினேன். பூட்ஸ் எங்கே? கூடாரத்தின் மடிப்பில் ஏறி அதோடு போய்க்கொண்டிருந்தது. கூடாரம் ஐஸைத் தொட்டும் தொடாமலும் ஆடி ஆடிப் போனது. போகிற வழியில் ஒவ்வொன்றாகப் பூட்ஸை உதிர்த்தது. நான் வெறும் சாக்ஸோடு பின்னால் ஓடினேன். சாக்ஸ் போட்ட கால் ஐஸில் எப்படி ஓடும்? மேல் உடம்பு முன்னே போகும். கால் வேறு ஊருக்குக் கிளம்பும். விழாமல் இருக்க இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டேன். நான் நெருங்கும்போதெல்லாம் கூடாரம் நின்றது. அதில் தொங்கிய கயிற்றைத் தொடும்போது கிளம்பியது. கழுத்தில் கட்டிய கயிற்றோடு ஓடுகிற கன்றுக்குட்டி அப்படித்தான் ஏய்க்கும். ஒரு தடவை கயிற்றைப் பிடித்தே விட்டேன். குப்புற விழுந்து, வயிற்றால் கொஞ்ச தூரம் போனேன். யாரோ கை தட்டினார்கள். (பாராட்டித்தான் என்று இன்றுவரை நம்புகிறேன்.)

கடைசியில் எதிர்க்கரையோரம் காய்ந்த நாணல் புதரில் அது மாட்டிக்கொண்டு நின்றது. நான் கதவு வழியாக உள்ளே போய் உட்கார்ந்தேன். மூச்சு வாங்கியது. மறுபடியும் அதே சிவப்பு, அதே அமைதி. வெளியே வர மனமில்லை. வெளியே வந்தால் ஏரி முழுக்கக் கடந்து உன் முகத்தைப் பார்க்க வேண்டும், யாழினி. 'நார்மல்' என்று ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டாய். அடுத்த வருஷம் வகுப்பில் அப்பாவைப் பற்றிப் பேச்சு வந்தால் நீ எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவாய் என்று நினைத்தேன். கால் மரத்துப்போகும் வரை உட்கார்ந்திருந்தேன்.

பிறகு கூடாரத்தை இழுத்துக்கொண்டு திரும்ப நடந்தேன். பாதி வழியில் நீ எதிரே வந்தாய். கையில் என் பூட்ஸ். அருகில் வந்து, அதை என் காலுக்கு நேராகத் திருப்பி வைத்தாய்.

"போடுங்க," என்றாய். தமிழில்.

உன் முகத்தை மஃப்ளரால் கண் வரைக்கும் சுற்றியிருந்தாய். உள்ளே அழுகையா, சிரிப்பா, கோபமா, எனக்குத் தெரியவில்லை. கயிற்றின் ஒரு பக்கத்தை வாங்கிக்கொண்டாய். என்னோடு சேர்ந்து இழுத்துக்கொண்டு நடந்தாய்.

அங்கே போய்ப் பார்த்தால் ஜமக்காளம் நிறைய ஆட்கள். ஏரியில் இருந்தவர்கள் ஆளுக்கொரு பூட்ஸைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். வந்தவர்களைச் சும்மா அனுப்ப உங்கள் அம்மாவுக்குத் தெரியாது. புதுமனைக்கு வந்தவர்களைக் கவனிப்பது போல எல்லாருக்கும் கேசரி கொடுத்து, மிச்சப் பாலில் சாக்லேட் கலந்து ஊற்றிக்கொண்டிருந்தாள். ஆரஞ்சுத் தொப்பி அம்மாவின் நாய் இட்லி டப்பாவைக் காலி செய்திருந்தது. செந்தில் அங்கிள் எல்லார் முன்னாலும் ஒரு திருகாணியைக் கையில் வைத்து அதன் முக்கியத்துவத்தை விளக்கிக்கொண்டிருந்தார். அவர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மீனா? தூண்டிலை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

திரும்பி வரும்போது காரின் கண்ணாடியில் பார்த்தேன். இரண்டு பேரும் ஆளுக்கொரு ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

மேடி வீட்டு வாசலில் காரை நிறுத்தினேன். அவளை உள்ளே விட்டுவிட்டு வருகிறேன் என்று நீயும் இறங்கிப் போனாய். அவள் அம்மா கதவைத் திறந்தார். எப்படி இருந்தது என்று கேட்டிருப்பார் போல. மேடி ஆரம்பித்தாள். நான் ஜன்னலைக் கொஞ்சம் இறக்கினேன்.

மேடி இரண்டு வார்த்தை சொல்வதற்குள் நீ குறுக்கே புகுந்தாய். "நோ நோ, லெட் மீ டெல் இட், ஹி இஸ் மை டாட்!" என்றாய்.

அப்புறம் நீ அந்த வீட்டு வாசல் பனியில் ஓடிக் காட்டினாய். இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டி, உடம்பு முன்னே, கால் பின்னே, தலையைத் தூக்கி, வாயைத் திறந்து. ஓடி முடித்து, பிடிக்கப் போன கயிறு நழுவுவது போலக் காட்டி, திரும்பவும் ஓடினாய். மேடியின் அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நீயும் சிரித்தாய். 'மை டாட்' என்று எத்தனை தடவை சொன்னாய் என்று எண்ணவில்லை. காரில் அம்மாவும் செந்தில் அங்கிளும் தலையைக் குனிந்துகொண்டு குலுங்கினார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். நம் வீட்டில் ஒரு படம் மாட்டினாலும், கொடியில் துணி காயப்போட்டாலும், யாராவது ஒருவர் "ஆங்கர் போட்டாச்சா?" என்று கேட்காமல் விடுவதில்லை. இனியா, நீ உன் நாடகத்துக்கு என்னைக் கூப்பிட்டபோதுகூட, "அப்பா, சீட்ல ஆங்கர் போட்டு உக்காருங்க," என்றாய். யாழினி, உன் பள்ளிக்கூட விழாவுக்கு அதற்குப் பிறகு நான் போகாத வருஷம் இல்லை. டீச்சர்கள் என்னைப் பார்த்ததும் சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன்.

உங்களுக்குத் தெரியாதது ஒன்றுதான் மிச்சம். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், குப்பை போட்டுவிட்டு வருகிறேன் என்று நான் கீழே இறங்கிப் போனேன் அல்லவா? குப்பைத் தொட்டிக்குப் பின்னால், பார்க்கிங்குக்கும் வேலிக்கும் நடுவில் ஒரு திடல் இருக்கும். பனி பெய்து யாரும் மிதிக்காமல் நீலமாகக் கிடந்தது. சுற்றிப் பார்த்தேன். யாரும் இல்லை. பையைக் கீழே வைத்தேன். பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்தேன். இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டி, நீ ஓடிக் காட்டியது போலவே, தலையைத் தூக்கி, வாயைத் திறந்து, வேலிவரைக்கும் ஓடிப் பார்த்தேன்.